பூந்தாது கூறும் குலமுறை

தமிழாசிரியர் ஒருவர் விழா மலருக்குக் கட்டுரை வரைவதாயின், இலக்கியம்பற்றியோ சமயம்பற்றியோ வரைதலே பெருவழக்கு. அவ்வழக்கினின்றுஞ் சற்றே விலகித் தாவரவியலைச் சார்ந்த பொருளொன்றை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் எமது பிழை ஒன்றேயாம். அதனை மறையாது கூறித் தொடங்குதலே முறை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வண்டு பூவின் தாதினை நுகர்தல்பற்றிய செய்யுளொன்றை வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்தேம். அப்போழ்து பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தாமரையின் தாதும் ஆம்பலின் தாதும் ஒன்றா, வேறா?" என வினாவினான். "பூக்கள்தாம் வேறு, தாது எல்லாம் ஒரே மஞ்சட் பொடிதான்" என்று விடையிறுத்து, யாம் மேற்சென்றேம். மாணவன் அமர்ந்தானாயினும் அமைந்தானல்லன். இரண்டு நாள் கழித்து விஞ்ஞான ஆசிரியரின் அனுமதியுடன் எம்மை ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று, நுணுக்குக்காட்டியின் கீழே இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் காட்டினான். முதலாவதில் உடலெங்கும் முள் நிறைந்த பெரும் பந்துகள் கிடந்தன; அவை செவ்வரத்தைப் பூவின் தாது. இரண்டாவதில் மழமழப்பான சிறு உருண்டைகள், ஒவ்வொன்றினும் ஒரே ஒரு துளையோடு கிடந்தன. அவை வேலியோரத்துப் புல்லின் தாது. "எல்லாம் ஒரே பொடி" என்ற எம் விடை அக்கணமே பொடியாயிற்று. அன்று யாம் மாணாக்கரானேம். அன்றுதொட்டு யாம் கற்றவற்றுட் சிலவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். அம்மாணவன் வினாவிய தாமரை, ஆம்பல் வினாவுக்குரிய விடையைப் பின்னர்க் காண்பாம்.

தாதின் இயல்பு

தாது, துகள், பராகம் என நம் மொழியில் இதற்குப் பல பெயர்கள் உள. இன்று பாடநூல்களிற் பயிலும் மகரந்தம் என்னுஞ் சொல் வடமொழியிற் பூவின் தேனையே பெரிதுங் குறிப்பதாகும். தேனுக்குரிய பெயர் நம்மிடத்துத் துகளுக்கும் ஆயிற்று. கண்ணுக்குப் பொடியாகத் தோன்றும் இத்துகளின் ஒவ்வோர் அணுவையும் மகரந்தமணி என்பர். ஆண் கருவைத் தாங்கிச் சென்று சூலகத்தில் உள்ள சூலோடு சேர்ப்பித்தலே அதன் தொழில். காற்றும் நீரும் வண்டும் பறவையும் அதற்கு ஊர்தியாம்.

மகரந்தமணியின் அளவை மைக்குரோமீற்றர் என்னும் அலகாற் கூறுவர். ஒரு மில்லிமீற்றரை 1,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறே அதுவாகும். பெரும்பாலான மணிகள் 20 முதல் 60 மைக்குரோமீற்றர் வரை குறுக்களவுடையன. பூசணி, செவ்வரத்தை ஆகியவற்றின் மணிகள் 100 மைக்குரோமீற்றருக்கும் மேற்பட்டன. ஆதலிற் கூர்ந்து நோக்குவார்க்கு அவை ஊசிமுனைப் புள்ளிபோல வெறுங்கண்ணுக்குந் தோன்றும்.

ஒவ்வொரு மணிக்கும் உறைகள் இரண்டு உண்டு. அகவுறை மெல்லியது, எளிதில் அழிவது. புறவுறையோ ஸ்போரோபொலெனின் என்னும் பொருளால் ஆயது. உயிர்கள் ஆக்கும் பொருள்களுள் இதனைப்போல் அழிவுக்கு ஈடுகொடுப்பன மிகச் சிலவே. வன்மையான அமிலமும் அதனை எளிதிற் கரைப்பதில்லை. காற்றுப் புகாத சேற்றுள் அமிழ்ந்துவிடின் பல்லாயிரம் ஆண்டுகள், ஏன், கோடியாண்டுகள்கூட, தன் வடிவங் குன்றாது கிடக்கும். பூ ஒரு நாளில் வாடும். அதன் துகளின் உறை ஊழிகடந்து நிற்கும். அவ்வுறையின்மேற் பொறிக்கப்பட்ட அடையாளங்களே அது பிறந்த குலத்தை நமக்கு அறிவிப்பன.

நால்வகை அடையாளம்

மணியை இனங்காண்பார் முதன்மையாக நோக்குவன நான்கு.

முதலாவது, மணிகள் தனித்து நிற்குமா, கூடி நிற்குமா என்பது. பெரும்பாலான செடிகளில் அவை தனித்தே நிற்கும். தொட்டாற்சுருங்கியில் நான்கு நான்காகக் கூடி நிற்கும். வாகையிற் பொதுவாகப் 16 மணிகள் சேர்ந்து ஒரு தட்டுப்போல் அமையும். எருக்கிலோ தாது முழுவதும் மெழுகுபோன்ற பிண்டமாகத் திரண்டு, பூச்சியின் காலிற் கொளுவிக்கொண்டு செல்லும்.

இரண்டாவது, வாயில்கள். மணி முளைக்கும்போது குழாய் வெளிப்படுதற்கென உறையில் மெலிந்த இடங்கள் அமைந்துள்ளன. அவை நீண்டிருப்பின் பள்ளம் எனவும், வட்டமாயிருப்பின் துளை எனவும் பெயர்பெறும். தென்னை, பனை, கமுகு முதலியவற்றிற் பெரும்பாலும் நீண்ட பள்ளம் ஒன்றே உண்டு. நெல் உள்ளிட்ட புல்வகையில், விளிம்பு தடித்த துளை ஒன்றே உண்டு. அவரை, மா முதலியவற்றிற் பள்ளங்கள் மூன்று. செவ்வரத்தையில் உடலெங்கும் பல துளைகள். வாயிலின் எண்ணிக்கை, வடிவு, அமைந்த இடம் ஆகிய மூன்றுமே குலத்தைக் காட்டும் தலையாய சான்றுகள்.

மூன்றாவது, புறவுறையின் பூவேலை. மழமழப்பானவை, முள் நிறைந்தவை, வலைபோன்றவை, வரிவரியானவை, குமிழுடையவை என இது பலதிறப்படும். சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்களின் தாது பெரும்பாலும் முள்ளுடையது.

நான்காவது, அளவும் வடிவும். இவை துணைச் சான்றுகளே. ஒரு பூவின் மணிகளுள்ளும் சிறிது வேறுபாடு உண்டாதலின் அளவை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுதல் தகாது.

இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கின், மணி இன்ன குடும்பத்தது என்பதைப் பெரும்பாலுங் கூறலாம். சாதியையும் பலகாற் கூறலாம். இனத்தைக் கூறுதல் சிலகால்தான் இயலும். இவ்வெல்லையை மறந்தாரே வழுக்கி வீழ்வர்.

அகக்காழும் புறக்காழும்

தமிழ் கற்றார்க்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரமுடையவற்றைப் புல் எனவும், உள்ளே வயிரமுடையவற்றை மரம் எனவும் பகுக்கின்றது. அப்பகுப்பின்படி வானளாவ நிற்கும் பனையுந் தெங்கும் புல்லாகும். இன்றைய தாவரவியலார் வித்திலை ஒன்றுடையன, இரண்டுடையன எனப் பகுத்தபோது, பனை, தெங்கு, மூங்கில், நெல் ஆகிய யாவும் ஒருவித்திலைப் பிரிவிலேயே சேர்ந்தன. மகரந்தமணியை நோக்கினாலும் இவற்றின் வாயில் பெரும்பாலும் ஒன்றே. அகக்காழுடைய மரங்களிற் பெரும்பாலானவற்றுக்கோ வாயில் மூன்று, அல்லது மூன்றினின்றும் பெருகிய பல.

இதுகொண்டு, பண்டைத் தமிழர் மகரந்தமணியை அறிந்திருந்தனர் என்று எவரேனும் மேடையேறிப் பேசுவாராயின் அஃது உண்மைக்கும் தமிழுக்கும் ஒருங்கே இழைக்குந் தீங்காகும். நுணுக்குக்காட்டியின்றி மணியின் வாயிலைக் காணல் இயலாது. அவர் தண்டினை வெட்டிப் பார்த்தனர். இவர் துகளைப் பெருக்கிப் பார்த்தனர். வெவ்வேறு அடையாளங்களைப் பற்றிச் சென்ற இருவரும் பெரும்பாலும் ஒரே பிரிவினையை அடைந்தனர் எனின், அப்பிரிவினை இயற்கையிலேயே உள்ளது என்பதே பெறப்படும். கூரிய நோக்கே முன்னோர் நமக்கு வைத்த செல்வம். அதற்கு மேற் கூறுதல் மிகை.

விலக்குகளும் உள. சண்பகம் அகக்காழுடைய மரம். ஆயினும் அதன் மணியிற் பள்ளம் ஒன்றே. பூக்குந் தாவரங்களுள் மிகப் பழைய கிளைகள் சிலவற்றில் இரண்டு வித்திலையும் ஒற்றை வாயிலும் சேர்ந்தே காணப்படும். மூவாயில் உடையவை அவற்றுக்குப் பின்னர்த் தோன்றிய பெருங்கிளையினர். இன்று உலகிலுள்ள பூக்குந் தாவரங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இக்கிளையைச் சேர்ந்தது.

இனி, மாணவன் வினாவுக்கு வருவாம். தாமரையும் ஆம்பலும் ஒரே குளத்தில் வாழ்வன. வட்ட இலையும் நீண்ட காம்பும் பல இதழும் உடையன. 1753ஆம் ஆண்டில் இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டறிஞர் தாமரையை ஆம்பலின் சாதியிலேயே சேர்த்துப் பெயரிட்டார். பின்வந்தோர் அதனைத் தனிச் சாதியாக்கினராயினும், பெந்தம், ஊக்கர் என்னும் இருவர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையில் இரண்டும் ஒரே குடும்பத்தில் நின்றன. மகரந்தமணியோ வேறு கதை கூறிற்று. ஆம்பலின் மணியில் வளையம்போற் சுற்றிச் செல்லும் ஒற்றைப் பள்ளம். தாமரையின் மணியிற் பெரும்பாலும் மூன்று பள்ளங்கள். ஆம்பல் பழைய கிளை. தாமரை மூவாயிற் கிளை. பிற்காலத்திற் பரம்பரையலகுகளை ஒப்பிட்டு 1998இல் வகுக்கப்பெற்ற முறையும் தாமரையை ஆம்பலினின்றும் நெடுந்தொலைவிற் கொண்டுசென்று வைத்தது. ஞாயிற்றை நோக்கி மலர்வது தாமரை எனவும், திங்களை நோக்கி மலர்வது ஆம்பல் எனவும் நம் புலவர் இரண்டனையும் எதிரெதிர் நிறுத்தினர். நூலோர் சேர்த்து வைத்தவற்றை நுண்துகள் பிரித்து வைத்தது. அம்மாணவனுக்கு யாம் அன்று கூறியிருத்தற்குரிய விடை, "வேறு, மிக வேறு" என்பதே.

தணிகைமணியும் கண்டற்காடும்

இக்கலையின் வரலாறு நெடியது. 1682ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய நெகமியா குரூ தம் தாவர உடற்கூற்று நூலில், மகரந்தமணிகளின் வடிவு செடிக்குச் செடி வேறுபடுதலை எடுத்துக் காட்டினார். 1944இல் இக்கலைக்குப் பலினொலொசி என்னும் பெயர் இடப்பட்டது. தூவுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது. 1952இல் சுவீடன் நாட்டு ஏட்மன், பூக்குந் தாவரங்களின் மகரந்தவடிவையும் வகைப்பாட்டையும் இணைத்துப் பெருநூலொன்று வெளியிட்டார்.

தமிழகத்தில் இக்கலை வளர்ந்த இடம் புதுச்சேரி. அங்கே 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலே மகரந்த ஆய்வுகூடம் ஒன்று அமைந்தது. அங்குப் பணிபுரிந்தவருள் ஒருவர் கணபதி தணிகைமணி. 1938இல் சென்னையிற் பிறந்த இவர், பனைக் குடும்பத்தின் மகரந்தமணிகளை ஆராய்ந்து அக்குடும்பத்தின் வகைப்பாட்டுக்கு ஒளியூட்டினார். உலகெங்கும் மகரந்தவடிவுபற்றி வெளிவந்த கட்டுரைகளுக்கெல்லாம் சொல்லடைவுபோல ஒரு பெரும் அட்டவணை தொகுத்தார். 1986ஆம் ஆண்டு செத்தெம்பர் 5ஆம் நாள், கராச்சி விமான நிலையத்திற் பான் அம் விமானமொன்று கடத்தப்பட்டபோது கொல்லப்பட்டவருள் இவரும் ஒருவர். அப்போது இவருக்கு வயது 48. இவர் எழுதிய கண்டற்றாவர மகரந்த நூல், இவர் மறைந்தபின் 1987இல் வெளிவந்தது.

அந்நூலின் பொருள் திருகோணமலையாருக்கு அயலானதன்று. கொட்டியாரக் குடாவின் ஓரத்திலும், கிண்ணியா, மூதூர்ப் பகுதிக் களப்புகளிலும், தம்பலகாமக் குடாவைச் சூழவும் நிற்பவை கண்டற்காடுகளே. அங்கே நிற்குந் தில்லை மரத்தைச் சிதம்பரத்தின் பெயராக மட்டுமே அறிந்த மாணவர் நம்மிடையே பலர். இக்காடுகளின் மரங்களும் தத்தம் மணியால் வேறுபடுவன. கண்டலின் மணி சிறியது, ஏறத்தாழ உருண்டை, மூன்று பள்ளங்களும் அவற்றினுள்ளே துளைகளும் உடையது. கண்ணாவின் மணியின் புறவுறை வலைபோன்றது. கிண்ணையின் மணி இவ்விரண்டினும் பெரியது, மூன்று துளைகளுடையது. சேற்றை எடுத்து அதனுட் கிடக்கும் மணிகளை எண்ணுவார், அவ்விடத்தே கண்டற்காடு என்று நின்றது, என்று குன்றியது, கடல் எந்த அளவு உள்ளே வந்து மீண்டது என்பனவற்றை ஊகித்தல் கூடும். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளைக் கண்ணாற் கண்ட நமக்கு, கரையோரக் காட்டின் வரலாறு வெறும் ஏட்டுப் பொருளன்று.

சேற்றின் சாட்சியம்

சேற்றிலுள்ள மணிகளை அடுக்கடுக்காக எண்ணி, நூற்றுவீதமாக வரைந்து, பண்டைக் காட்டின் மாற்றத்தைக் காட்டும் முறையை 1916இல் முதன்முதல் அறிஞரவையில் விளக்கியவர் இலெனாட் வொன் போசுட் என்னும் சுவீடன் நாட்டறிஞர். அம்முறை நம் நாட்டிலும் கையாளப்பட்டுள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீற்றருக்கும் உயரமான ஓட்டன் சமவெளியிற் சேற்றுநிலப் படிவை எடுத்து ஆராய்ந்த பிரேமதிலக, இரிசுபெர்க் ஆகிய இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 24,000 ஆண்டுக்காலத்துப் பருவமழையின் ஏற்றத்தாழ்வை மகரந்தமணிகள் வாயிலாகக் கூறுகின்றது. தானியப் பயிரைச் சார்ந்தனவாகக் கொள்ளத்தக்க மணிகளும் அங்குக் காணப்பட்டன என அவ்வாய்வாளர் கூறுவர்.

மகாவலி கங்கையின் தலைநீர்களிற் சில தோன்றுவது அவ்வோட்டன் சமவெளியில். 335 கிலோமீற்றர் ஓடி அக்கங்கை கடலொடு கலப்பது நம் கொட்டியாரக் குடாவில். ஆதலின், குடாவின் சேற்றிலே ஒரு மணி கிடந்தால், அது கரையில் நின்ற மரத்தினதோ, மலையில் நின்று ஆற்றொடு வந்ததோ என்று முதலில் வினாவுதல் வேண்டும். காற்றால் வந்தனவும் உள. வந்ததையும் வளர்ந்ததையும் பிரித்தறியாதார் வரலாறு கூறப் புகுதல் ஆகாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் கூறுவாம். ஒன்று: புல்வகை மணிகள் யாவும் ஒன்றையொன்று ஒத்தன. பயிர்த் தானியங்களின் மணி பொதுவாகப் பெரியது. ஏறத்தாழ 40 மைக்குரோமீற்றரை எல்லையாகக் கொள்வாரும் உளர். ஆயினும் நம் நாட்டிற் காட்டுநெல் வகைகளும் உள்ளமையால், மணியை மட்டுங் கண்டு, "இங்கே வயல் இருந்தது" எனச் சாதித்தல் அரிது. மற்றொன்று: நீர் வற்றிக் காற்றுப் படும் மண்ணில் மணிகள் சிதைந்துபோம். கோடைதோறும் அடித்தரை வெடிக்குங் குளங்கள் பலவுடையது நம் மாவட்டம். அக்குளங்களின் மண் ஒன்றுங் கூறாது நிற்றல்கொண்டு, அங்கே ஒன்றும் இருந்ததில்லை எனல் தவறு.

உறுதியான சான்று தரும் மணிகளும் உள. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசு 1492இல் அக்கண்டத்தை அடைந்த பின்னரே கீழைநாடுகளுக்கு வந்தது. அதன் மணி, புல்வகையுள் மிகப் பெரியது. சேற்றின் ஓர் அடுக்கில் அது காணப்படின், அவ்வடுக்கு அதற்குப் பிற்பட்டதே. நம் கடற்கரையிற் காணுஞ் சவுக்கும் அவ்வாறே வெளியிலிருந்து கொணரப்பட்டது. அதன் மணி மிகுந்த அடுக்கு அண்மைக்காலத்ததாகும்.

மண் காவாத ஒன்று

இவ்வளவு கற்றபின் எம் உள்ளத்தை உறுத்திய எண்ணம் ஒன்றைக் கூறி முடிப்பாம். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களைப் பெயர் கூறி நிரைப்படுத்தினார் என மாணவர்க்குப் பெருமிதத்தோடு கற்பிக்கின்றேம். அவற்றுட் சில இன்ன செடிதான் என்று துணிதற்கு உரையாசிரியர்க்கும் இயலவில்லை. இன்றைய அறிஞர்க்கும் இயலவில்லை. அச்செடிகளின் மணிகள் எங்கேனும் ஒரு சேற்றுள் வடிவங் குன்றாது கிடத்தல் கூடும். ஆனால் எந்த மணியின் மேலும் அதன் பெயர் எழுதப்படவில்லை. மண் மணியைக் காக்கும், பெயரைக் காவாது. பெயரைக் காப்பது மக்களின் வாயும் ஏடுமே.

நம் மாவட்டத்து ஊர்கள் பல, போர்க்காலத்தே இருந்த இடத்தினின்றும் பெயர்ந்தன. மீண்டார் சிலர், மீளார் பலர். காட்டிலும் களப்பிலும் வாழ்ந்து, ஒவ்வொரு செடிக்கும் பெயரும் பயனும் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எம் வகுப்பில் கண்டல், கண்ணா, கிண்ணை ஆகிய மூன்றனையும் நேரிற் காட்டிப் பெயர் கூற வல்ல மாணவர் எத்துணைப் பேர் என ஒருநாள் வினாவினேம். கை உயர்த்தியவன் ஒருவனே. அவன் மீன்பிடிப்பவர் ஒருவரின் மகன்.

ஆதலின் இவ்விழா ஆண்டில் யாம் வேண்டுவது சிறியது. நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் மகரந்தத் தகட்டுப் பேழையொன்று அமைத்தல் வேண்டும். செய்முறை எளிது. மலர்ந்த பூவின் மகரந்தக்கூட்டைத் தூய கண்ணாடித் தகட்டில் மெல்லத் தட்டி, துளி மதுசாரத்தாற் கழுவி எண்ணெய்ப்பசை போக்கி, செந்நிறச் சாயங் கலந்த கிளிசரின் கூழ் சிறிதிட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடினால் தகடு ஒன்று ஆயத்தமாகும். பாடசாலைகளில் உள்ள, 400 மடங்கு பெருக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியே இதற்குப் போதுமானது. வன்மையான அமிலங்களால் மணியைத் தூய்மைசெய்யும் முறை ஆராய்ச்சிக்கூடங்களுக்கு உரியது. மாணவர் அதனை நாடற்க.

ஒவ்வொரு தகட்டோடும் ஏடொன்று இருத்தல் வேண்டும். செடியின் தாவரவியற் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றோடு, அவ்வூர் முதியோர் அச்செடிக்கு வழங்கும் பெயரை அவர் வாய்மொழிப்படியே அதிற் பொறித்தல் வேண்டும். நிலாவெளியில் ஒரு பெயரும் மூதூரில் வேறொரு பெயரும் வழங்குமாயின் இரண்டையுமே எழுதுக. விஞ்ஞான மாணவன் மணியை வரையட்டும். தமிழ் மாணவன் பெயரை எழுதட்டும். இரு துறையும் ஒரு மேசையிற் கூடும் பணி இதனினும் சிறந்தது வேறொன்றை யாம் அறியேம். பழைய மாணவர் தத்தம் ஊர்களுக்குச் செல்லும்போது ஒரு பூவும் ஒரு பெயரும் கொணர்ந்து தருவாராயின், அவை இவ்விழாவுக்கு அவர் அளிக்கும் நன்கொடைகளுள் ஒன்றாக நிற்கும்.

எம்மை வினாவிய மாணவன் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டான். அவன் ஆக்கித் தந்த இரண்டு தகடுகளும் எம்மிடம் உள. பேழை அமையுமாயின் அதன் முதலிரு அறைகளும் அவற்றுக்கே உரியன.